யாருடைய அப்பா

சொக்கம்மாளுக்குப் பிரெஞ்சு, படித்து வந்த மொழி அல்ல. தெருவில் விளையாடி வந்த மொழி. அப்பா சைகோனில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. அம்மா அங்கேயே காலமாகிவிட்டாள். சொக்கம்மாளுக்குப் பதினாறு வயதானபோது அப்பாவும் அவளும் ஊர் திரும்பக் கப்பலேறினார்கள். வழியில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. கொழும்புக்கு ஒரு நாள் முந்தி, "கரை தெரியுதா தாயி?" என்று கேட்டார். தெரியவில்லை. "தெரியுதுப்பா" என்றாள். அன்று மதியம் அவரைக் கித்தான் துணியில் சுற்றிக் கடலில் இறக்கினார்கள். தென்காசிக்கு அவள் மட்டும் வந்து சேர்ந்தாள்.

1956-இல் ஊரில் ஒரு தனியார் பள்ளியில் அவள் தற்காலிகப் பிரெஞ்சு ஆசிரியை. வேலை நிலைக்க வேண்டுமானால் பிரெஞ்சு ஆசிரியர் தகுதித் தேர்வின் எழுத்துப் பகுதியில் தேற வேண்டும். தென்காசி மையத்தில் ஐந்து பேர் எழுதினார்கள். கட்டுரைத் தலைப்பு: 'ஒரு பயணம்'. எட்டு வருடமாக யாரிடமும் சொல்லாததை அவள் அன்று ஒரே மூச்சில் எழுதினாள். எழுதி முடித்தபோது கைக்குட்டை நனைந்திருந்தது.

முடிவு வந்தது. அவள் தோல்வி. பிச்சுமணி என்பவன் முதல் இடம். 'கப்பல்' என்ற சொல்லையே பிரெஞ்சில் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதத் தெரியாதவன் அவன். ஆனால் தேர்வு மையக் கண்காணிப்பாளர் பால்வண்ணநாதனின் தங்கையைக் கட்டியவன்.

மூன்று மாதம் கழித்துத் தேர்வுக் குழுவின் ஆண்டு மலர் வந்தது. சிறந்த கட்டுரையை அதில் அச்சிட்டிருந்தார்கள். கீழே பிச்சுமணியின் பெயர். கித்தான், கொழும்பு, கரை தெரிகிறது என்று சொன்ன பொய், எல்லாம் அப்படியே இருந்தது. சொக்கம்மாள் மலரோடு பால்வண்ணநாதன் வீட்டுக்குப் போனாள்.

"பேரு எளுதின மேல்தாளை மாத்திக் கட்டியிருக்கிய அண்ணாச்சி. இது எங்கப்பா செத்த கதை."

அவர் வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: "ஒரே யோசனை ரெண்டு பேருக்கு வரக்கூடாதாக்கும்? பெயிலாப் போன பொம்பள பேசுத பேச்சா இது? போம்மா."

தேர்வுக் குழுவுக்கு எழுதினாள். முத்திரையிட்டு வந்த விடைத்தாள் கட்டின் மேல் புகாரை ஏற்பதற்கில்லை என்று பதில் வந்தது. பொறாமைக்காரி என்று ஊர் பேசியது. அவள் வேலையும் பிச்சுமணிக்கே போயிற்று. வேலை போனதைக் கூட அவள் பொறுத்திருப்பாள். அப்பாவுக்கென்று ஒரு பிடி சாம்பல் கூட இல்லை. இருந்தது அந்த நாலு பக்கம்தான். அதையும் ஒருவன் எடுத்துக்கொண்டான்.

அவள் புதுச்சேரிக்குப் போனாள். அங்கே மறுபடி எழுதித் தேறினாள். கல்யாணத்துக்கு வந்த இரண்டு இடங்களைத் தட்டிவிட்டாள். படித்தாள், பாடம் நடத்தினாள், தேர்வுக் குழுவில் உறுப்பினரானாள். குழுவின் அலமாரிச் சாவி கைக்கு வந்த முதல் நாளே 1956-இன் கட்டைத் தேடி எடுத்தாள். அவள் கையெழுத்தில் நாலு பக்கம், மேலே பிச்சுமணியின் பெயர். அன்றே அதைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அவன் வாயாலேயே உண்மை வர வேண்டும் என்று காத்திருந்தாள்.

1967 ஆனியில் அதற்கு வாய்ப்பு வந்தது. தலைமையாசிரியர் ஆக விரும்புகிறவர்கள் உயர்நிலைத் தகுதித் தேர்வின் எழுத்துப் பகுதியை எழுத வேண்டும் என்று உத்தரவு. தென்காசிப் பட்டியலில் பிச்சுமணி இருந்தான். வினாத்தாள் அமைத்தவள் சொக்கம்மாள். கட்டுரைக்கு அவள் கொடுத்த தலைப்பு: 'என் தந்தையின் கடைசி நாள், அல்லது அவரோடு கழித்த ஒரு நாள்'.

அவன் எதை எழுதுவான் என்று அவளுக்குத் தெரியும். பதினோரு வருடமாக அவன் மாணவர்களுக்கு மாதிரிக் கட்டுரை என்று மனப்பாடம் செய்ய வைப்பது அந்த ஒன்றைத்தான் என்று விசாரித்து வைத்திருந்தாள். பிழையில்லாத பிரெஞ்சு அவனிடம் வேறு கிடையாது.

அப்படியே எழுதியிருந்தான். ஒரு கால்புள்ளி கூடப் பிசகவில்லை.

அடுத்த வாரம், எழுதிய கட்டுரையைப் பற்றி நேர்முகக் கேள்வி. குழுத் தலைவர் புதுச்சேரிக்காரர், வயதானவர். சாரல் காலத்தில் குற்றாலத்தில் தங்கப் பிடிக்கும் என்பதால் அங்கே ஒரு பங்களாவில் ஏற்பாடு. பிச்சுமணி புது ஜிப்பா போட்டு உள்ளே வந்தான். தலைவருக்குப் பக்கத்தில் சொக்கம்மாளைக் கண்டதும் கும்பிட்ட கை அப்படியே நின்றது.

"உட்காருங்கள்" என்றார் தலைவர் பிரெஞ்சில். "என் கண் கலங்கிவிட்டது, ஐயா. மகன் என்றால் இப்படி எழுத வேண்டும்."

சொக்கம்மாள் கேட்டாள்: "உங்கள் தந்தை எந்த வருடம் காலமானார்?"

"நா… நாற்பத்தெட்டில்."

"கப்பலின் பெயர்?"

கட்டுரையில் அது இல்லை.

அவள் எழுந்து கதவைத் திறந்தாள். தாழ்வாரத்தில் ஒரு பெரியவர் மடியில் குடையோடு உட்கார்ந்திருந்தார். மகன் உள்ளே போன பிறகு வந்து சேரும்படி அவள்தான் அவருக்குச் சொல்லியனுப்பியிருந்தாள்.

"ஐயா, உள்ள வாங்க. நீங்க யாரு?"

"நான் ஆவுடையப்பன், ஆய்க்குடி. பிச்சுமணிக்கு அப்பன். பாஸாயிட்டானாம்மா?"

தலைவர் பெரியவரைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். சொக்கம்மாள் பழைய விடைத்தாளை மேசையில் வைத்தாள். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, எதையும் பார்க்காமல், கட்டுரையின் முதல் வரியை எழுதி அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே கை.

"மச்சான்தான் மாத்தினாரு" என்றான் பிச்சுமணி தமிழில். "எனக்கு அப்பம் ஒண்ணும் தெரியாது. பொறவுதான் சொன்னாரு."

"தெரிஞ்ச பொறவும் பதினோரு வருசம்" என்றாள் சொக்கம்மாள்.

தலைவர் பேனாவை எடுத்தார். பழைய சான்றிதழையும் சேர்த்து ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கையெழுத்திட்டார். பிச்சுமணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதான். இந்த முகத்தை அவள் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். நினைத்ததை விட நன்றாகவே இருந்தது. வயிறு குளிர்ந்தது.

பெரியவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னம்மா எளுதிட்டான்? என்னயப் பத்தியா?"

"அப்பா கப்பல்ல செத்துட்டாருன்னு எளுதியிருக்காரு."

"நான் செத்துட்டம்னா?" அவர் மகனைப் பார்த்தார்.

அவரை அவள் கணக்கில் எடுத்திருக்கவே இல்லை. கதவைத் திறந்தபோது அவர் ஒரு சாட்சி, அவ்வளவுதான். இப்போது கன்னம் ஒட்டிய ஒரு கிழவர் முன்னால் நின்றார்.

"இல்லய்யா" என்றாள். "செத்தது எங்கப்பா. அந்தச் சாவத்தான் ஒங்க மகன் தன் பேருல போட்டுக்கிட்டாரு."

அவர் குடையை ஊன்றிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"ஒங்கப்பா பேரு என்னம்மா?"

இத்தனை வருடத்தில், இவ்வளவு புகாரில், யாரும் அதைக் கேட்டதில்லை.

"குத்தாலிங்கம்" என்றாள்.

"குத்தாலிங்கம்" என்று ஒரு தரம் அவரும் சொன்னார். மகனைக் கூப்பிடாமலே படியிறங்கிச் சாரலில் நடந்தார். குடையை விரிக்கவில்லை. கூப்பிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது, கூப்பிடவில்லை. அவர் வளைவைத் தாண்டும்வரை நின்று பார்த்தாள்.

உள்ளே வந்தபோது தலைவர் கேட்டார்: "போதுமா, அம்மா?"

"இல்லை" என்றாள் சொக்கம்மாள். "மேல்தாளை மாற்றியவர் இன்னும் பென்ஷன் வாங்குகிறார்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புதுத் தாளின் தலைப்பில் பால்வண்ணநாதன் என்று எழுதினாள்.