ஒன்பது வகை மீன்

ஜெஸ்ஸி செய்தது பெரிய குற்றமா என்று கேட்டால், சந்தைக்குப் போனாள், அவ்வளவுதான். பல்கலைக்கழகத்தில் நீர்வாழ் உயிரினங்களையும் நீர்ப் பங்கீட்டையும் படிக்கிறவள். மூன்று குளங்களில் மீன் வகைகளைக் கணக்கெடுக்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டில் இடுப்பளவு சேற்றில் இறங்கி ஒழுங்காகத்தான் எடுத்தாள். மூன்றாவது பூசாரிக்குளம். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. வத்தலக்குண்டு சந்தையோடு நின்றுவிட்டாள்.

அங்கே மீன் விற்ற காதர் பீவி, “பூசாரிக்குளத்து மீனுத்தா, இப்பப் பிடிச்சது” என்றாள். அணை மீனையும் பண்ணை மீனையும் பக்கத்துக் குளத்தின் பேரைச் சொல்லி விற்பது அந்தச் சந்தையில் வழக்கம். ஜெஸ்ஸிக்கும் தெரியும். நம்புவது வசதியாக இருந்தது, நம்பினாள். கூடையில் எண்ணி, பூசாரிக்குளத்தில் ஒன்பது வகை என்று அறிக்கையில் எழுதிவிட்டாள்.

ஆனியில் அணை திறந்தார்கள். இந்த முறை அந்த அறிக்கையை வைத்து எந்தக் குளத்துக்கு முதலில் தண்ணீர் விடுவது என்று முடிவு செய்யும் கூட்டத்தில், பேராசிரியருக்குப் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். பூசாரிக்குளத்து விவசாயிகளுக்காகச் சுருளிவேல் எழுந்து, தென்னை கருகுகிறது, முதல் தண்ணீர் வேண்டும் என்றார். பாசன அதிகாரி அறிக்கையைப் புரட்டினார்.

“சித்திரையிலயே ஒம்பது வகை மீன் இருந்திருக்கு. தண்ணி இல்லாமலா?”

“சித்திரையில எங்க குளத்துக்குள்ள பயலுக கிரிக்கெட் வெளாண்டாய்ங்கய்யா!”

கூட்டம் சிரித்தது. சுருளிவேல் அவள் பக்கம் திரும்பினார். “புள்ள வேற குளத்தப் பாத்துட்டுப் பேர மாத்தி எழுதிருக்கும். அப்படித்தானத்தா?”

ஆமாம் என்றால் போதும், தப்பிக்கலாம். தன்னால் பாதிக்கப்பட்ட மனிதரே தனக்கு வழி விடுகிறார் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“நான் வரவே இல்லய்யா. சந்தையில பாத்த மீன எழுதிட்டேன்.”

பேராசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி அறிக்கையை மூடினார். “அப்ப இது மொத்தமும் செல்லாது. புதுசாக் கணக்கெடுக்க ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் பழைய வரிசைதான்.”

பழைய வரிசையில் பூசாரிக்குளம் கடைசி.

“பன்னெண்டு நாள்ல அணைய அடைச்சிருவீங்களே!” என்றார் சுருளிவேல். அதிகாரி அடுத்த மனுவை எடுத்துவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் ஜெஸ்ஸி அவர் முன்னால் போய் நின்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“சந்தையில இருந்து எங்க குளத்துக்குப் பஸ்சு இருக்குத்தா,” என்றார். “காமணி நேரந்தான்.”