பம்ப்காரரின் பிக்கப்புக்குப் படி வந்த கதை

பம்ப்காரருக்கு உட்கார்ந்து டீ குடிக்கத் தெரியாது. நின்றுகொண்டே குடிப்பார், அதுவும் பாதிதான். தண்ணீர் வராத வீட்டிலிருந்து பம்பைச் சரிசெய்யக் கூப்பிடுகிறவன் எவனும் நாளைக்கு வந்தால் போதும் என்று சொல்வதில்லை என்பது அவர் வாதம். அக்கம்பக்கத்தில் அவருக்கு 'அவசரம்' என்றே பேர் விழுந்துவிட்டது.

அந்த அவசரம்தான் மனைவியின் கணுக்காலை முறித்தது. கடைவாசலில் அவள் ஒரு காலைத் தரையிலும் ஒரு காலை வண்டியிலும் வைத்திருந்த நேரத்தில் போன் அடித்தது. இவர் பேசிக்கொண்டே வண்டியை நகர்த்திவிட்டார். பார்த்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இவர் மட்டும் ஆஸ்பத்திரி வாசலிலேயே கதையை மாற்றிவிட்டார். பிக்கப் வண்டி ரொம்ப உயரம், அதுதான் வினை என்று கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும் சொன்னார்.

கட்டுப் பிரித்த பிறகும் அவள் அந்த வண்டியில் ஏறவில்லை. எங்கே போவதென்றாலும் தன் தம்பியின் சின்னக் கார்தான். சண்டை போட்டிருந்தால் இவரும் பதிலுக்குக் கத்திவிட்டு ஆறியிருப்பார். அவளோ "தம்பி வந்துடுவான்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். மச்சான் கார்க்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் இவருக்கு வயிறு எரிந்தது. வயிற்றெரிச்சலை விடப் பயம் பெரிது. இனி அவள் தன் பக்கத்தில் உட்காரவே மாட்டாளோ என்று நினைத்தால் வேலையில் கை ஓடவில்லை.

ஆகவே வண்டிக்குப் படி வைப்பது என்று முடிவாயிற்று. வண்டிச் சாமான் கடை ஃபிட்டர் நிதானமான ஆள். குழாய்ப் படி மழையில் வழுக்கும், அகலமான பலகைப் படி வீட்டுக்காரம்மாவுக்கு நல்லது, ஆனால் கட்டட வேலை நடக்கும் இடத்தில் கல்லில் இடிக்கும் என்று ஒவ்வொன்றாக விளக்கினான். மூன்றாவது, மோட்டார் படி. கதவைத் திறந்தால் தானாக இறங்கும், மூடினால் மடங்கி வண்டிக்கு அடியில் போய்விடும். பம்ப்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எவ்வளவு வேகமா உள்ள போகும்?"

ஃபிட்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "ஏறுறவங்களுக்கு அது வெளிய நிக்கிறதுதாண்ணே முக்கியம்."

வீட்டுக்காரம்மாவைக் கூட்டி வந்தால் கால் எட்டும் உயரம் பார்த்துப் பொருத்தலாம் என்றும் சொன்னான். எப்படிக் கூட்டி வருவது? அவள் ஏறுவதற்குத்தானே இந்தப் பாடு. முழங்கால் வரை இருந்தால் போதும் என்று இவரே குத்துமதிப்பாகச் சொல்லப்போக, ஃபிட்டர் தலையில் அடித்துக்கொண்டு, பிறகு தானாகவே தாழ்த்திப் பொருத்தினான். வேலை முடியும்வரை பம்ப்காரர் கடையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கிளம்பும்போது, சேறு பட்டால் கீலைத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், காய்ந்த பிறகு இந்த ஸ்ப்ரேயை அடியுங்கள், கிரீஸ் மட்டும் கூடவே கூடாது என்றான். இவர் சரி சரி என்று சொல்லும்போதே சாவியைத் திருகிவிட்டார்.

வாழ்நாள் முழுக்க பம்பைப் பிரித்து கிரீஸ் அப்பிய கை சும்மா இருக்குமா? அசையும் இரும்பைக் கண்டால் அதற்கு அரிக்கும். படி கொஞ்சம் முனகியதும் கிரீஸ் டப்பாவைத் திறந்து இரண்டு கீலிலும் வழிய வழிய அப்பிவிட்டார். படி வெண்ணெயாக இறங்கியது. வாரம் முழுக்க சிமெண்ட் தூசியில் வண்டி ஓடியது.

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய காலையில் மச்சானுக்கு வேறு வேலை வந்துவிட்டது. அவள் கைத்தடியோடு வாசலுக்கு வந்தாள். "போறதுக்கு மட்டும் வரேன். திரும்ப தம்பி வந்து கூட்டிக்குவான்" என்றாள். பம்ப்காரருக்கு அதுவே போதும். ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். படி பாதி இறங்கி, உறுமி, அப்படியே நின்றது. குனிந்து பார்த்தால் கிரீஸும் சிமெண்டும் குழைந்து கீல் முழுக்கக் கெட்டித்துக் கிடந்தது.

உதைத்துத் தள்ளலாம் என்றுதான் கால் எழுந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். காலை இறக்கிவிட்டு, பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் எடுத்து வந்து மண்டியிட்டுச் சுரண்டினார். நேரமாகுது, நேரமாகுது என்று அவர் உடம்பெல்லாம் சொன்னது. கழுவித் துடைத்து ஸ்ப்ரே அடித்ததும் படி முழுதாக இறங்கி நின்றது. அடுத்த நொடி அவர் ஓட்டுநர் சீட்டில் இருந்தார், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் படிக்கு முன்னால் நின்றாள். கால் எடுத்து வைக்கவில்லை.

"எஞ்சினை அணைங்க."

அணைத்தார்.

"நான் விழுந்தது வண்டி உயரத்தால இல்ல."

பம்ப்காரர் ஸ்டியரிங்கையே பார்த்தார். "தெரியும். நான்தான் பார்க்காம எடுத்தேன்" என்றார். இத்தனை நாளில் இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவள் கைப்பிடியைப் பற்றி ஏறினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும் அவரே எஞ்சினை அணைத்தார். அவள் கதவைத் திறந்தாள், படி இறங்கியது. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அவள் பையைத் திறந்து ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடினாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள், பையை மூடினாள். ஹாரன் விடாமல் அலறியது. அவர் சாவியை நோக்கிப் போன கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அவள் கால்களையே பார்த்தார். ஒரு கால் படிக்கு வந்தது, பிறகு தடி, பிறகு தரை. கதவு மூடியது, படி உள்ளே போனது. அப்போதும் அவர் அசையவில்லை.

அவள் வண்டியைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் வந்து கண்ணாடியைத் தட்டினாள். இறக்கினார்.

"ஓரமா நிறுத்திட்டு இருங்க" என்றாள். "தம்பிய வர வேண்டாம்னு சொல்லிடறேன்."