வீட்டுப் பேச்சு

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர் எழுதிய ஒன்பதாவது கதையும் திரும்பி வந்தது. இந்த முறை பத்திரிகை ஆசிரியர் நாலு வரி எழுதி அனுப்பியிருந்தார்.

"உங்கள் கதையில் மனைவி, 'அன்பரே, தங்கள் மௌனம் என்னை வதைக்கிறது' என்கிறாள். எந்த வீட்டில் ஐயா இப்படிப் பேசுகிறார்கள்? ஒரு வாரம் உங்கள் வீட்டில் காதில் விழுவதை ஓர் எழுத்துகூட மாற்றாமல் எழுதுங்கள். பிறகு சத்தம் போட்டுப் படித்துப் பாருங்கள்."

மனுஷனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சொன்னதில் நியாயம் இருந்ததால், அன்றைக்கே நோட்டு ஒன்று வாங்கினார்.

ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் அவரிடம் மயிரிழை பிசகாது. சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். மனைவி வாயைத் திறந்தால் போதும், பேனா ஓடும். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க ஊசி குத்திவிட்டு வந்தாலும் பேச்சுக்குக் குறைச்சல் இல்லை. எந்தச் சொல்லை இழுக்கிறாள், எதைப் பாதியில் விழுங்குகிறாள், ஒன்றையும் அவர் விடவில்லை. தன் பதிலையும் நேர்மையாகக் குறித்துக்கொண்டார்.

"என்னங்க, ஆராய்ச்சியா?" என்று முதல் நாள் சிரித்தாள். அதையும் எழுதினார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருக்க, இவர் கூடத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். அடடா, என்ன உயிரான பேச்சு! ஆசிரியர் மூக்கின் மேல் விரலை வைக்கப்போகிறார். தன் பங்குதான் கொஞ்சம் சப்பென்று இருந்தது, பக்கத்துக்குப் பக்கம் வெறும் 'ம்'. அதை அப்புறம் மெருகேற்றிக்கொள்ளலாம் என்று தட்டிக்கழித்துவிட்டுப் புதன்கிழமைக்கு வந்தார்.

"என்னை ஆறு மணி நேரம் தள்ளி இருக்கற கிளைக்கு மாத்தறாங்க. வேண்டாம்னும் சொல்லலாமாம். நீங்க போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னா போகலை..."

"ம்."

"அப்ப கையெழுத்துப் போட்டுடட்டுமா?"

"ம்."

அந்த வரிகளை இன்னொரு முறை படித்தார். இரண்டு 'ம்'மும் தன் கையெழுத்துதான், சந்தேகமே இல்லை. எழுதியவருக்கு இந்த விஷயம் இப்போதுதான் தெரிந்தது.

எழுந்து உள்ளே போனார். கட்டிலின் மேல் பெட்டி திறந்து கிடந்தது. அவள் மடித்துக்கொண்டிருந்ததெல்லாம் அவளுடைய துணிகள் மட்டும்தான்.

"போகாதே," என்றார்.

"கையெழுத்துப் போட்டு ரெண்டு நாளாச்சுங்க."

"சத்தியமா நான் கவனிக்கலை."

அவள் கோபப்படவில்லை. கையிலிருந்த புடவையின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"வியாழக்கிழமை காலையில உங்க நோட்டை எடுத்துப் படிச்சேன். நான் மூச்சு வாங்கினதுக்குக்கூட மூணு புள்ளி வெச்சிருக்கீங்க. இவ்வளவு கவனமா கேட்டவர்தான் 'ம்'னு சொல்லியிருக்கார்னு நினைச்சுத்தான் போய்க் கையெழுத்துப் போட்டேன்."