புரிஞ்சுது சார்

கலவைக்குத் தண்ணீர் எந்த விகிதத்தில் சேர்க்க வேண்டும் என்று எழுத்துத் தேர்வில் பத்துக்குப் பத்து வாங்கிய பெண், செய்முறைத் தேர்வன்று வாளியை எடுத்து ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்தாள். அளக்கவேயில்லை. கலவையை நிரப்பிய அச்சைத் தூக்கியதும் கான்கிரீட் நிற்காமல் தரையில் ஓடி என் செருப்பை நனைத்தது.

கல்லூரியின் புதுக் கட்டடத்தில் சித்தாளாக இருக்கும் என் அக்கா, தலையில் ஜல்லிச் சட்டியோடு அந்தப் பக்கம் போனவள் நின்று பார்த்தாள்.

"டேய், உன் பிள்ளைங்க கலவை போடுதுங்களா, மாட்டைக் குளிப்பாட்டுதுங்களா?"

மாணவர்கள் அறுபது பேரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண்ணிடம் திரும்பினேன்.

"ஏம்மா, விகிதம் தெரியும்ல?"

"தெரியும் சார். பாயின்ட் அஞ்சு."

"அப்போ ஒரு சிமென்ட் மூட்டைக்கு எத்தனை லிட்டர்?"

"அது உங்க நோட்ஸ்ல இல்லையே சார்."

கோபம் தலைக்கேறியது. அவள்மீதல்ல. பதினோரு வருடமாக அதே மஞ்சள் காகிதங்கள். நான் வாசிப்பேன், அவர்கள் எழுதுவார்கள். "புரிஞ்சுதா?" என்பேன். "புரிஞ்சுது சார்" என்று கோரஸ் வரும். மணி அடிக்கும். பதினேழு வயதுவரை நானும் கல் சுமந்தவன்தான். எந்த மேஸ்திரியும் என்னிடம் புரிந்ததா என்று கேட்டதில்லை. செய்யச் சொல்லிக் கையைப் பார்ப்பான். தப்பென்றால் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு மறுபடி செய்யச் சொல்வான். சட்டை வெளுத்ததும் இதை எப்படி மறந்து தொலைத்தேன்?

அந்த வாரம் வருடாந்திரப் படிவம் வந்தது. 'என் கற்பித்தலை மேம்படுத்த நான் செய்யவிருப்பவை.' எல்லோரும் போன வருடத்தைப் பார்த்து எழுதித் தேதியை மட்டும் மாற்றுவோம். இந்த வருடம் என் வேலையை நிரந்தரமாக்கும் கோப்பில் அந்தப் படிவமும் சேர வேண்டும். தெரிந்தேதான் எழுதினேன்: 'என் வகுப்பில் யாரும் எதையும் கற்கவில்லை. நான் வாசிப்பதை நிறுத்தப் போகிறேன். வாரம் இரண்டு மணி நேரம் அவர்களே கலக்கட்டும், கெடுக்கட்டும், ஏன் கெட்டது என்று சொல்லட்டும். மதிப்பெண் அதற்குத்தான்.'

துறைத் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னய்யா இது, வாக்குமூலமா? ஆய்வுக் குழு பார்த்தா துறையே நாறிடும்."

"இப்பவே நாறுது சார். நாம மூக்கைப் பொத்திக்கிட்டு இருக்கோம்."

"தேர்ச்சி தொண்ணூத்தாறு சதவீதம்! அதுக்கு மேல என்ன வேணும்?"

"பாஸான பிள்ளைங்கள்ல ஒருத்தர் கட்டுற வீட்டுல நீங்க குடியிருப்பீங்களா?"

அவர் இழுப்பறையிலிருந்து வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"ஒழுங்கா, போன வருஷத்தைப் பார்த்து எழுதுங்க. கோப்பு இன்னைக்கு மேல போகுது. பிள்ளைகுட்டிக்காரர், யோசிங்க."

யோசித்தேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு, வருடா வருடம் நீட்டிக்கப்படும் வேலை. அவர் மேசை முன்னாலேயே உட்கார்ந்து எழுதினேன். என் வாக்குமூலத்தின் அதே வரிகள், இன்னும் கொட்டை எழுத்தில். இரண்டு விரலால் வாங்கிப் பார்த்தார். ஓரமாக வைத்தார். படிவம் இல்லாமலே கோப்பை மூடிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.

"உங்க நிரந்தரத்தை அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"பாருங்க சார். கீழே முற்றத்துலதான் வகுப்பு. ஜன்னல்லேருந்தே தெரியும்."

நேராக வகுப்புக்குப் போய், அறுபது பேரையும் முற்றத்துக்கு இறக்கினேன். மூட்டை, மணல், ஜல்லி, அளவுக் குடுவை எல்லாவற்றையும் காட்டி, செய்ய வேண்டியதைச் சொல்லி முடித்தேன். பாழாய்ப்போன வாய், பழக்கத்தில் கேட்டுவிட்டது.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்!"

"வாயை மூடுங்க" என்றேன். "வாளியைத் தூக்குங்க."