வெளியேறியவர்

யூத அடக்க வழக்கப்படி, மண்வெட்டியை அடுத்தவர் கையில் கொடுக்காமல் மண்ணில் குத்தி நிறுத்திவிட்டு விலகினாள் தெல்மா. அதை எடுக்க வந்தவர் ஆல்பிரட் மாமா. எண்பத்திரண்டு வயது. அக்காவின் சவப்பெட்டிமேல் மூன்று முறை மண் தள்ளினார். பிரார்த்தனை சொன்ன மதகுருவான ரபி ஒரு பெண். கடைசிவரை அந்தப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அம்மா கெர்டா பிராங்க்பர்ட்டிலிருந்து தப்பி லண்டன் வந்த நாள்முதல் அந்த லிபரல் யூதத் தொழுகைக்கூடமே கதி என்று இருந்தவள். நடனப் பள்ளி ஒன்றின் மாடியில் வாடகைக்குத் தொடங்கியது, போரில் கூரை போனது, இரண்டு வருடம் சினிமா கொட்டகையில் கூடியது எல்லாவற்றையும் அந்தக் கூடத்தின் வரலாறாக எழுதி முடித்துவிட்டு, செவ்வாய் இரவு தட்டச்சுப் பொறிக்கு உறை போட்டாள். புதன் காலை எழுந்திருக்கவில்லை.

அங்கே வேதமான தோராச் சுருளை வாசித்த முதல் பெண்ணும் அவள்தான். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை. அக்கா கூப்பிட்டாளே என்று வந்திருந்த மாமா, அவள் மேடையேறியதும் எழுந்து போனார். பெண்கள் மேடையேறாத பழைய வழக்கத்தில் ஊறியவர். அதற்குப்பிறகு அக்கா வீட்டுப்படி ஏறியதில்லை.

இன்று சாயங்காலம் ஏறினார். துக்கத்துக்கான குட்டை நாற்காலியில் உட்கார்ந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"ஆம்பளைங்க எத்தனை பேரு?"

"ஏழு. பொம்பளைங்க அஞ்சு. பன்னண்டு பேர் இருக்கோம் மாமா."

"பத்து ஆம்பளை இல்லாம நான் காதிஷ் சொல்றதில்ல."

"சரி. நாங்க சொல்றோம். நீங்க உக்காந்திருங்க."

இறந்தவளுக்கான பிரார்த்தனையை எல்லாரும் நின்று சொன்னார்கள். மாமா தரையைப் பார்த்தபடி இருந்தார்.

வந்தவர்கள் போனபின், மேசையிலிருந்த அம்மாவின் தாள்களைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"'அன்று ஒருவர் வெளியேறினார்.' என் பேரைப் போடலையா?"

"அந்த ஒரு வரியை அம்மா எத்தனை தடவை அடிச்சு எழுதினான்னு தெரியுமா? பேர் மட்டும் வேணாம்னுட்டா."

மாமா தாளைக் கீழே வைக்கவில்லை.

"வெளியேறல. வாசல்ல நின்னேன். நல்ல மழை. கதவு தெறந்துதான் இருந்துச்சு. அவ முடிக்கிறவரைக்கும் நின்னேன்."

தெல்மா மேசைப் பக்கம் வந்தாள்.

"ஒரே ஒரு சொல்லைத்தான் தப்பாப் படிச்சா. உள்ள அத்தனை பேர் இருந்தாங்க, ஒருத்தரும் திருத்தல."

"அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே மாமா."

மாமா தாளை மேசையில் வைத்தார். அந்த வரியைத் திருத்தத் தெல்மா பென்சிலை எடுத்தாள்.

"இப்ப எழுதாத. துக்கத்தோட ஏழு நாள் ஆகட்டும்."

பென்சிலை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. துக்க வீட்டில் முதலில் தரும் அவித்த முட்டை ஒன்றைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். உணவில் ஆசாரம் பார்க்கும் மாமா, எந்தப் பாத்திரத்தில் அவித்தது என்று கேட்கவில்லை. நாற்காலியின் கையில் மெல்லத் தட்டி, ஓட்டை உரிக்கத் தொடங்கினார்.