மூக்கிரட்டைக்கு இரண்டாவது சோதனை

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. இரும்புலியூரில் எங்கள் மாடியில் குடியிருக்கும் ஹில்டா, துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னது. காட்டாங்குளத்தூரில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். எழுதட்டுமா என்றேன்.

"எழுதுங்கண்ணா. பில்டப் மட்டும் வேணாம்."

முதல் வரி: 'அந்தச் செடி அவளுக்காகவே காத்திருந்த—'

(பில்டப். விட்டுவிடுகிறேன்.)

2

மூக்கிரட்டை தரையோடு படரும் செடி. அதன் சாற்றை ஒரு ஊதாக் கரைசலில் விட்டால் ஊதா மங்கி மஞ்சளாகும். உடம்பின் செல்களைக் கெடுக்கும் மூலக்கூறுகளை அடக்கும் ஆற்றல், அதாவது ஆக்சிஜனேற்றத் தடுப்பு, சாற்றில் இருப்பதற்கு அது அடையாளம்.* முதல் சோதனையில் நன்றாகவே மங்கியது. அதே இடத்துச் செடியை வைத்து மறுபடி செய்து காட்டச் சொன்னார் அவளுடைய வழிகாட்டி. அவள் முன்பு செடி பறித்த காலிமனைக்குப் போனபோது அங்கே ஜேசிபி நின்றிருந்தது.

* குழாயில் நிறம் மங்கினால் மனிதருக்கு நோய் தீரும் என்று அர்த்தமில்லை. இதைக் கட்டாயம் சேர்க்கச் சொன்னாள்.

3

மனைக்காரர் துளசிங்கம். அவரை வில்லனாக்க ஆசைப்பட்டு மீசைகூட வைத்துவிட்டேன். நடந்தது வேறு.

"இன்னாமா, சர்வேவா?"

"இல்ல சார். இந்தச் செடி வேணும், ஆராய்ச்சிக்கு."

"இத்தயா? மாடு மேஞ்சிகினு போறதுமா இது."

"இதே இடத்துச் செடிதான் சார் வேணும். இல்லன்னா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். ஒரு வருஷம் போயிடும்."

 அவர் ஜேசிபி ஓட்டுநரைக் கூப்பிட்டார்.

"பாலு, அந்தாண்ட மூலைலேர்ந்து எடு. இந்தப் பொண்ணு பறிச்சிக்கட்டும்." அவளிடம் திரும்பி, "வண்டில சாக்கு கீது. எடுத்துக்கோ."

வேர் அறாமல் வரும்படி அவள் குந்தி உட்கார்ந்து தோண்டினாள். மனையின் மறுகோடியில் ஜேசிபி உறுமிக்கொண்டிருந்தது.

4

'இரண்டாவது சோதனை முதலாவதையும் மிஞ்சி—'

இல்லை. ஊதா மங்கியது, முதல் தடவை அளவுக்கு இல்லை. எனக்குத்தான் ஏமாற்றம். ஹில்டாவுக்கு நிம்மதி. ஒரே சாற்றை மூன்று குழாயில் விட்டுப் பார்த்ததில் மூன்றிலும் ஒரே மாதிரி வந்திருந்தது; அப்படியென்றால் முடிவை நம்பலாம்.

"முதல்ல பறிச்சது கோடைலண்ணா. இது மழைக்கப்புறம். குறையலாம். ரெண்டு ரிசல்ட்டையும் அப்படியே தீசிஸ்ல போடச் சொல்லிட்டார் எங்க கைடு."

முடிவு வந்த அன்று மாலை அவளே அந்த மனைக்குப் போனாள். அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது. துளசிங்கம் குழியோரம் நின்றிருந்தார்.

"இன்னாமா, செடி பாஸா, பெயிலா?"

அவள் சொன்ன பதிலைக் கேட்டு, அவர் சிரித்துக்கொண்டே இரண்டு டீ சொன்னாராம். என்ன பதில் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?