மஞ்ச வச்ச கிரே டைட்

பார்சல் வந்தப்ப தாரணி குளிச்சிட்டு இருந்தா. அவ வெளிய வர்றதுக்குள்ள அம்மா கத்தரிக்கோல் எடுத்து பொட்டிய பிரிச்சு, உள்ள இருந்தத சாமி முன்னாடி வச்சு, விளக்கும் ஏத்தி முடிச்சாச்சு.

"வந்திருச்சு டி உன் கோட்டு. மஞ்ச வச்சுட்டேன், எடுத்துக்கோ," னு சமையக்கட்டுல இருந்து குரல் மட்டும் வந்துச்சு.

"சரிமா," னா தாரணி. அவங்க வீட்டுல புதுத்துணின்னா அப்படித்தான். ஸ்கூல் யூனிஃபார்ம்ல இருந்து கைக்குட்ட வரைக்கும் மஞ்ச வைக்காம எதுவும் உடம்புல ஏறாது. காலர் உள்பக்கமா ஒரு சின்ன பொட்டு, யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால அவ அத காதுலயே வாங்கல. வாங்கியிருக்கணும்.

அந்த ஜாக்கெட்டப் பத்தி சொல்லியே ஆகணும். 'கிரே டைட்', அதாவது சாம்பல் அலைன்னு ஒரு டிவி சீரிஸ். ஹீரோ பேரும் அதான். கடல்ல இருந்து மூடுபனி எழும்பும், அதுக்குள்ள இருந்து அவன் நடந்து வருவான், கெட்டவன் எல்லாம் காலி. முகமூடி இல்ல, முதுகுல பறக்கற துணி இல்ல. ஒரே ஒரு சாம்பல் கலர் ஸ்வேட் ஜாக்கெட், அவ்ளோதான். ஸ்வேட்னா ஒரு வகைத் தோல், பூனைக்குட்டிய தடவுற மாதிரி இருக்கும். இந்தப் பக்கம் தடவுனா ஒரு சாம்பல், அந்தப் பக்கம் தடவுனா இன்னொரு சாம்பல். அச்சு அசலா அதே மாதிரி தைச்சுக் குடுக்கறவங்கள ஆன்லைன்ல தேடிக் கண்டுபிடிச்சு, தோள் அளவு, கை அளவுன்னு படம் புடிச்சு அனுப்பி, போட்டி நடக்கற அன்னைக்குக் காலைலதான் வந்து சேந்துச்சு.

என்ன போட்டின்னா, சிங்கப்பூர்ல இருக்கற கிரே டைட் ரசிகர்கள் வருஷா வருஷம் காமிக் கன்வென்ஷன்ல ஒரு நட போடுவாங்க. பெரிய மேடை, புகை, மியூசிக். அந்தப் புகைக்குள்ள இருந்து கிரே டைட்டா ஒருத்தர் மட்டும் நடந்து வரணும். யாருன்னு மத்தியானம் ஒரு போட்டி வச்சு முடிவு பண்ணுவாங்க, ஜாக்கெட்டுக்குப் பாதி மார்க், நடைக்குப் பாதி. தாரணி இதுவரைக்கும் மேடைக்குப் பின்னால குனிஞ்சு உக்காந்து புகை மெஷின் புடிச்சவ. ஒவ்வொரு தடவையும் எவனாவது ஒருத்தன் நடந்து போறத முதுகுப் பக்கமா பாத்துட்டு, "ஐயோ, அந்த இடது தோள இறக்குடா"ன்னு வாய்க்குள்ளயே சொல்லிட்டு இருந்தவ. இந்த வருஷம் அவ நடக்கணும். ஆபீஸ்ல ப்ரமோஷனுக்கு எழுதிக் குடுத்தப்பகூட அவ இவ்ளோ ஆசப்பட்டதில்ல.

ஜாக்கெட் உள்வெளியா திரும்பி வந்திருந்துச்சு. ஸ்வேட் அழுக்காகக்கூடாதுன்னு அப்படித்தான் அனுப்புவாங்க. தாரணி அவசர அவசரமா அத திருப்பிப் போட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு முன்பக்கம் பாத்தா. ஜிப் சரி. பாக்கெட் சரி. கண்ணு கலங்கிருச்சு. கழட்டி மடிச்சு பையில வச்சுட்டு மார்சிலிங் ஸ்டேஷனுக்கு ஓடுனா. அந்த வெயில்ல அத போட்டுக்கிட்டு ட்ரெயின் ஏறுறதுக்கு அவ என்ன பைத்தியமா.

ஃபேரர் பார்க் ஸ்டேஷன் வாசல்ல அன்வர் நின்னான். கிளமெண்டி ஏரியாப் பையன், பாலிடெக்னிக்ல ஒண்ணா படிச்சவன், இவ சொல்லித்தான் கிரே டைட் பாக்கவே ஆரம்பிச்சவன். இப்ப அவனும் போட்டில இருக்கான். அவன் ஜாக்கெட் ஒரு நீளமான கவர்ல, கல்யாண கோட்டு மாதிரி, ஹேங்கரோட தொங்குச்சு.

"காட்டு லா," ன்னான்.

தாரணி போட்டுட்டு ஒரு சுத்து சுத்துனா.

அன்வர் கை தட்டத் தூக்குனவன் அப்படியே நிறுத்திட்டான். "தாரணி. முதுகுல என்ன?"

"என்ன?"

"மஞ்சளா இருக்கு. காலர் கீழ. தோள்லயும் இருக்கு."

அவ கழட்டிப் பாத்தா. காலருக்குப் பின்னால, நட்டநடுவுல, கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சப் பொட்டு. ஈரமா இருக்கறப்பவே மடிச்சதுல வலது தோள்லயும் அதே மாதிரி இன்னொண்ணு ஒட்டியிருந்துச்சு. சாம்பல் கலர்ல அந்த மஞ்ச, ரோட்டுக் கோடு மாதிரி பளிச்சுன்னு கண்ணுல அடிச்சுது.

அவ பண்ண முதல் தப்பு, பையில இருந்து ஈர டிஷ்யூ எடுத்து தேச்சது.

"தேய்க்காத," ன்னான் அன்வர்.

தேச்சா.

"தேய்க்காதன்னு சொல்றேன்ல."

பொட்டு இப்ப முறுக்கு சைஸ்க்கு ஆயிருச்சு. தாரணி அம்மாவுக்கு போன் போட்டா.

"அம்மா, ஜாக்கெட்ல எங்கம்மா மஞ்ச வச்ச?"

"உள்பக்கம்தான் டி. நல்லா பளபளன்னு மெரூன் கலர் வெளிய இருந்துச்சு, அதுல படாம, உள்ள கையவிட்டு, அந்த சொரசொரன்னு இருக்கற பக்கத்துல வச்சேன்."

"பளபளன்னு இருக்கறது லைனிங் மா. சொரசொரன்னு இருக்கறதுதான் வெளிப்பக்கம்."

"அந்தப் பக்கத்தயா வெளிய போடுவாங்க? பாக்க நூல் பிரிஞ்ச மாதிரி இருந்துச்சே."

"அதுக்குத்தாம்மா காசே. யாரக் கேட்டு பார்சல பிரிச்ச? எதத் தொட்டாலும் மஞ்ச, எதத் தொட்டாலும் மஞ்ச. என் ஒரு விஷயத்த சும்மா விட மாட்டியா நீ?"

ஸ்டேஷன் வாசல்ல நாலு பேர் திரும்பிப் பாத்தாங்க. அம்மா, "சரி," ன்னு மட்டும் சொல்லிட்டு வச்சுட்டாங்க. அவங்க ஒத்த வார்த்தைல போன வைக்கிற ஆளே இல்ல. தாரணிக்கு சுருக்குன்னுச்சு. ஆனா அப்ப அத யோசிக்க நேரமில்ல.

அன்வர் போன்ல தேடிப் பாத்தான். "தண்ணி படவே கூடாதாம்."

"தேங்க்ஸ்."

"அழிரப்பர் போட்டு மெதுவா தேய்க்கலாமாம். அப்பறம் ப்ரஷ்."

ரெண்டு பேரும் லிட்டில் இந்தியா பக்கமா நடந்தாங்க. ஒரு ஸ்டேஷனரி கடைல வெள்ள அழிரப்பர் வாங்குனாங்க. ஒரு மளிகைக் கடைல பல் தேய்க்கற ப்ரஷ். ரேஸ் கோர்ஸ் ரோட்டுல ஒரு கடை வாசப்படில உக்காந்து, அன்வர் தோளத் தேய்க்க, தாரணி காலரத் தேய்ச்சா. மஞ்ச குறைஞ்சுதான் போச்சு, பொய் சொல்லக்கூடாது. ஆனா குறைஞ்ச மஞ்ச பக்கத்துல எல்லாம் பரவி, மாம்பழம் சாப்ட்டுட்டு துடைச்ச மாதிரி ஆயிருச்சு.

"நீ ஏன்டா எனக்கு இவ்ளோ உதவி பண்ற? நான் வரலன்னா நீதான் நடப்ப," ன்னா தாரணி.

"மஞ்சளோட போட்டி போட்டு ஜெயிச்சேன்னு எவனாவது சொல்லுவான். எனக்கு அது வேணாம். உன்ன ஒழுங்கா தோக்கடிக்கணும்."

"வாய் மட்டும் குறையல."

அப்பதான் எதிர்த்தாப்புல பூஜை சாமான் கடை கண்ணுல பட்டுச்சு. வாசல்ல திருநீறு பாக்கெட் அடுக்கி வச்சிருந்தாங்க. தாரணி ஜாக்கெட்டப் பாத்தா. திருநீறப் பாத்தா. மறுபடியும் ஜாக்கெட்டப் பாத்தா.

"வேணாம் லா," ன்னான் அன்வர்.

அவ ஏற்கனவே ரோட்டத் தாண்டிட்டா.

கடைல விசாலாட்சி அக்கா மல்லிப்பூவுக்குத் தண்ணி தெளிச்சுட்டு இருந்தாங்க. தாரணி வாராவாரம் அம்மாவோட பூ வாங்கற கடைதான். அவ ஒவ்வொரு பாக்கெட்டா எடுத்து ஜாக்கெட் பக்கத்துல வச்சு வச்சுப் பாத்தா.

"எந்த சாமிக்குமா?"

"ஜாக்கெட்டுக்கு அக்கா."

"பட்டு ஜாக்கெட்டா? பூச்சிக்குன்னா நாப்தலின் உருண்ட இருக்கே."

"இல்லக்கா, கலர் பொருந்தணும். இது ரொம்ப வெள்ளையா இருக்கு."

அக்கா இவள ஒரு தரம், பின்னால மூஞ்சத் திருப்பிக்கிட்டு நின்ன அன்வர ஒரு தரம் பாத்தாங்க. அப்பறம் ஒண்ணும் கேக்காம கீழ் தட்டுல இருந்து வேற பாக்கெட் எடுத்து வச்சாங்க. "இது கொஞ்சம் சாம்பலா இருக்கும். உங்கம்மா நெத்திக்கும் இதத்தான் வாங்குவாங்க."

தோள்லயும் காலர்லயும் அப்பி, ப்ரஷ்ஷால ஒரே திசைல இழுத்துவிட்டா, சத்தியமா சொல்றேன், மஞ்ச காணாமப் போச்சு. அன்வர் ரெண்டடி தள்ளி நின்னு பாத்தான், கண்ணச் சுருக்கிப் பாத்தான். "தெரியல," ன்னான். குரல்ல லேசா வருத்தம்கூட இருந்துச்சு.

கன்வென்ஷன் நடக்கற இடம் சிட்டி ஹால் ஸ்டேஷன் பக்கம். மடிச்சா திருநீறு கொட்டிரும்னு இந்தத் தடவ ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டே ட்ரெயின் ஏறுன தாரணி உக்காரவே இல்ல, சாஞ்சா உதிர்ந்துரும். யாராவது பக்கத்துல வந்தா அன்வர் குறுக்க நின்னான். ஏசிக் காத்து மேல இருந்து வந்தப்ப பைய தூக்கிப் புடிச்சான்.

போட்டிக்கு ரெண்டு ஜட்ஜ். ஒருத்தர் ரசிகர் குழுத் தலைவர் பிரேம். இன்னொருத்தர் மிஸ் லிம், டிவி நாடகத்துக்கெல்லாம் உடுப்பு பாத்துக்கறவங்க, மூக்குக் கண்ணாடிய நெத்திமேல தூக்கிவிட்டு வச்சிருந்தாங்க. வரிசையா கிரே டைட்டுங்க நின்னாங்க, எல்லாம் இஸ்திரி போட்ட மாதிரி. அன்வர் கவர்ல இருந்து ஜாக்கெட்ட எடுத்துப் போட்டப்ப கூட்டத்துல ஒரு 'ஓ' வந்துச்சு. உண்மையாவே அழகா இருந்துச்சு, ஒரு தூசி இல்ல. அவன் நடந்தான். நல்லாத்தான் நடந்தான். இடது தோள மட்டும் இறக்கல.

தாரணி முறை வந்துச்சு.

அவ நடந்தா. எத்தன தடவ பின்னால இருந்து மத்தவங்களுக்காக மனசுக்குள்ள நடந்தாளோ, அத்தனையும் இப்ப காலுக்கு வந்திருச்சு. இடது தோள் இறங்குச்சு. கயிறு கட்டி யாரோ இழுக்கற மாதிரி, போக விருப்பமில்லாத மாதிரி, ஆனா போய்த்தான் தீரணும்ங்கற மாதிரி ஒரு நட. கூட்டம் அமைதியாச்சு. நடுவுல வந்து நின்னா. இங்க கிரே டைட் என்ன பண்ணுவான்னா, கடல் உப்பத் தட்டிவிடற மாதிரி ரெண்டு கையாலயும் தோளத் தட்டுவான்.

கை மேல போய்ட்டு இருக்கும்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்துச்சு. ஆனா கை நிக்கல.

பொப்புன்னு ஒரு புகை. சாம்பல் நிறத்துல, அழகா, மெதுவா, ஜட்ஜ் மேசையப் பாத்துப் போச்சு. மிஸ் லிம் தும்முனாங்க. திரும்ப தும்முனாங்க. ஹால் முழுக்க கோயில் வாசன. பிரேம் மூக்கால ஒரு இழுப்பு இழுத்தான், அடுத்த நொடி தலையக் குனிஞ்சுக்கிட்டான், தோள் மட்டும் குலுங்குச்சு.

மிஸ் லிம் எழுந்து வந்து அவள ஒரு சுத்து சுத்திப் பாத்தாங்க. வலது தோள்ல மஞ்ச இளிச்சுக்கிட்டு இருந்துச்சு. "இது என்ன?" ன்னு இங்கிலீஷ்ல கேட்டாங்க.

வர்ற வழியெல்லாம் தாரணி பொய் தயார் பண்ணி வச்சிருந்தா. உப்புக்கறை, கடல்பாசி, அந்த எபிசோட்ல அப்படித்தான், இப்படி. வாயத் தெறந்தா, வந்தது வேற.

"மஞ்சள். புதுசா எது வந்தாலும் எங்கம்மா மஞ்ச வச்சுட்டுத்தான் போட விடுவாங்க. நல்லதுன்னு. வெளிய தெரியக்கூடாதுன்னு பாத்து உள்பக்கமாதான் வச்சாங்க. ஜாக்கெட் உள்வெளியா வந்திருந்துச்சு. அவங்க மேல தப்பில்ல." கடைசி வார்த்தைய சொன்னப்பதான் அது தனக்கே புதுசா கேட்டுச்சு.

"அப்பறம் நீ என்ன பண்ண?"

தாரணி சொன்னா. ஈர டிஷ்யூ, அழிரப்பர், ப்ரஷ், படிக்கட்டு, திருநீறு. மிஸ் லிம் காலரப் புடிச்சு மடக்கிப் பாத்தாங்க, கைமுட்டிய அமுக்கிப் பாத்தாங்க. காலைல கடை பொம்மை மாதிரி விறைச்சு நின்ன ஸ்வேட், இப்ப துவண்டு, மடிப்பு விழுந்து, அங்கங்க தேஞ்சு, அவ உடம்போடயே பொறந்த மாதிரி தொங்குச்சு.

"மத்த எல்லாரும் இப்பதான் கடைல இருந்து வந்தவங்க மாதிரி இருக்காங்க," ன்னாங்க பிரேம் பக்கம் திரும்பி. "இந்த ஆள் மட்டும்தான் கடல்ல இருந்து வந்த மாதிரி இருக்கு. மஞ்சளுக்கு மார்க் கழிச்சிரு. கழிச்சிட்டுக் கூட்டு."

கழிச்சும் தாரணிதான் மேல வந்தா. ரொம்ப மேல இல்ல, நூலளவு.

அன்வர் வந்து அவ முன்னாடி நின்னான். "ஹேங்கர்ல மாட்டிக் கொண்டுவந்தேன் பாரு. என்னச் சொல்லணும்."

"கோவமா?"

"ஆமா. நாளைக்கு வரைக்கும் இருப்பேன். போ, ரெடியாகு."

மேடைக்குப் பின்னால ஒரு மேக்கப் அக்கா பவுடர் எடுத்துட்டு வந்து மஞ்சள மறைக்கவான்னு கேட்டாங்க. தாரணி கைய நீட்டி ஒரு நிமிஷம்னு சொல்லிட்டு வீட்டுக்கு போன் போட்டா.

"அம்மா."

"ம்." இன்னும் அந்த ஒத்த எழுத்துக் கோவம் போகல. ஆனா பின்னால வேற யார் குரலோ கேட்டுச்சு.

"யாருமா அங்க?"

"மேல் வீட்டு ஹலீமா. எலுமிச்சம்பழம் போட்டா போகும்ங்கறா. கீழ இருக்கற ஆன்ட்டி வெயில்ல காய வச்சா போகும்னாங்க. துணி காயப்போடற கம்பு காலியா வச்சிருக்கேன், நீ வீட்டுக்கு வந்ததும் மாட்டிரலாம்."

மத்தியானம் பூரா அம்மா ப்ளாக் முழுக்க ஏறி இறங்கியிருக்காங்க.

"வேணாம்மா. இருக்கட்டும்."

"இருக்கட்டுமா? காலைல அந்தக் கத்து கத்துன."

"கத்துனது தப்பும்மா. சாரி. நான்தான் நடக்கப் போறேன், ஜெயிச்சுட்டேன்."

"மஞ்சளோடயா?"

"மஞ்சளோடதான்."

அம்மா யோசிச்சாங்க. "அப்ப தேய்க்காம விட்டிருக்கலாம்ல. வட்டமா, லட்சணமா வச்சிருந்தேன்."

தாரணிக்கு சிரிப்பு வந்திருச்சு. மேக்கப் அக்காவப் பாத்து வேணாம்னு தலையாட்டுனா. அந்தப் பக்கம் பிரேம் கைகாட்டுறான், மியூசிக் ஆரம்பிச்சாச்சு, தரையெல்லாம் அதிருது. போன அன்வர் கைல குடுத்து, "வீடியோல எங்கம்மாவுக்குக் காட்டு," ன்னுட்டு படியேறுனா.

முன்னால ஒண்ணுமே தெரியல, வெறும் புகை. அதுக்கு அந்தப் பக்கம் எவ்ளோ பேர் இருக்காங்கன்னும் தெரியல. இடது தோள இறக்குனா. நடந்தா. நடுமேடைல நின்னு ரெண்டு கையையும் தூக்கி தோளத் தட்டுனா, இந்தத் தடவ கொஞ்சம் பலமாவே.

முன்வரிசைல யாரோ தும்முனாங்க.